உங்கள் வீட்டுவேலைக்கு வருபவரின் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறது?

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா நேற்று எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். பெங்களூருவோ குருகிராமோ, கேட் போட்ட அடுக்குமாடியில் குடியிருந்தால் மைகேட் போன்ற ஒரு செயலி அவர் உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் நிமிடக் கணக்கில் உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கும். இந்த மாதம் எத்தனை நாள் வரவில்லை என்பதும் அதிலேயே இருக்கும். வேண்டுமென்றால் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண்கூடப் போடலாம்.

சரி, போன ஞாயிற்றுக்கிழமை அவர் என்ன செய்தார்? யாரோடு உட்கார்ந்து பேசினார்? எங்கே போனார்? எங்கேயாவது போனாரா?

இந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இல்லை என்பது பெரிய விஷயம் இல்லை. அவருடைய தனிப்பட்ட நேரம், உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அரசின் புள்ளிவிவரங்களில் தேடினாலும் பதில் கிடைக்காது என்பதுதான் விஷயம். வேலை நேரத்துக்கு இவ்வளவு துல்லியமான பதிவு இருக்கும் ஒருவரின் ஓய்வு நேரம் எந்தக் கணக்கிலும் வராமல் போவது எப்படி? ஊரை விட்டு வந்து பெருநகரங்களில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒன்றுகூட, பேச, சிரிக்க, பண்டிகை கொண்டாட எங்கே இடம் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில், இவர்கள் எத்தனை பேர்?

அடிப்படை எண்ணிக்கையிலேயே சிக்கல் இருக்கிறது. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கணக்கு, தேசிய மாதிரி ஆய்வின் 68-ஆவது சுற்றிலிருந்து (2011-12) வந்தது. அதன்படி தனியார் வீடுகளில் வேலை செய்பவர்கள் சுமார் 39 லட்சம் பேர், அவர்களில் பெண்கள் 26 லட்சம். 2021 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் 'வீட்டு மற்றும் வீடு சார்ந்த பணியாளர்கள்' என்ற பிரிவில் பதிவு செய்தவர்களோ இரண்டே முக்கால் கோடியைத் தாண்டுகிறார்கள். விவசாயத் தொழிலாளர்களுக்கு அடுத்து அந்தத் தளத்தில் பெரிய கூட்டம் இதுதான்.

39 லட்சத்துக்கும் இரண்டே முக்கால் கோடிக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து, பத்தாண்டுகளில் ஏழு மடங்கு கூடிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முதலாவது, ஆய்வாளர் வீட்டுக்கு வந்து கேட்டு எடுத்த மாதிரிக் கணக்கு. இரண்டாவது, தொழிலாளர் தாமே பதிவு செய்துகொள்வது, பிரிவின் எல்லையும் அகலம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடக் கூடாது. வீட்டுவேலை செய்வதை ஆய்வாளரிடம் சொல்லத் தயங்குபவர்கள் நிறையப் பேர் என்பதால் முதல் கணக்கு குறைவாகவே இருக்கும் என்று தொழிற்சங்கங்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகின்றன. அது நியாயமான வாதம் என்றே எனக்கும் தோன்றுகிறது.

ஓய்வு நேரத்தை அரசு அளக்கிறதா?

அளக்கிறது. 'நேரப் பயன்பாட்டு ஆய்வு' என்று ஒன்று இருக்கிறது. 2019-இல் முதல்முறையாக நாடு முழுக்க நடந்தது, 2024-இல் இரண்டாம் முறை. இரண்டாவது ஆய்வில் 1,39,487 குடும்பங்களிடம், முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து அடுத்த 24 மணி நேரத்தை எப்படிச் செலவிட்டார்கள் என்று அரைமணி அரைமணியாகக் கேட்டு எழுதினார்கள்.

அதன்படி 6 வயதுக்கு மேற்பட்டவர்கள் பண்பாடு, பொழுதுபோக்கு, ஊடகம், விளையாட்டு ஆகியவற்றில் நாளொன்றுக்குச் சராசரியாக 171 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 177 நிமிடம், பெண்கள் 164 நிமிடம். பரவாயில்லையே, வித்தியாசம் கால் மணி நேரம்கூட இல்லையே என்று தோன்றும். இன்னொரு வரியையும் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம்.

நான்கு வீட்டில் சம்பளத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் இந்த 289-க்குள் இருப்பவர்தான். தன் வீட்டுக்குப் போனதும் ஐந்தாவது வீட்டின் வேலை தொடங்கும், அதற்குச் சம்பளம் கிடையாது. உங்களுக்கு வேலை முடிந்தபிறகு வருவது ஓய்வு. அவருக்கு வேலை முடிந்தபிறகு வருவது அதே வேலை.

வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களின் கதை இன்னும் விசித்திரம். தேசிய மாதிரி ஆய்வுகளின் இலக்கணப்படி, ஒன்றாக வசித்து, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுபவர்கள் எல்லோரும் ஒரே 'குடும்பம்'. தங்கி வேலை செய்யும் பணியாளரும் அதில் சேர்த்தி. அதாவது, ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டத்திலிருந்து டெல்லிக்கு வந்து, ஒரு வசதியான வீட்டின் சமையலறைப் பக்கத்து அறையில் தூங்கும் பெண், கணக்கில் அந்த வசதியான குடும்பத்தின் உறுப்பினர். அந்த வீட்டின் மாதச் செலவுதான் அவருடைய குடும்பச் செலவாகப் பதிவாகும். 'வீட்டுல ஒருத்தர் மாதிரி' என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை, கணக்கு அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது!

இது மோசடி இல்லை. குடும்பத்தை எண்ணுவதற்கு ஏதோ ஒரு விதி வேண்டும், இது உலகம் முழுக்க உள்ள விதிதான். ஆனால் அந்த வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு ஓய்வு என்று வெளியில் இருந்து சராசரி போடும்போது, எஜமானியின் மாலை நேரமும் பணிப்பெண்ணின் மாலை நேரமும் ஒரே பெட்டிக்குள் விழுகின்றன.

டெல்லி: 'சுட்டி' கேட்க ஒரு காரணம் வேண்டும்

வட இந்தியாவுக்கு வேலைக்குப் போன தமிழர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் இந்திச் சொற்களில் 'சுட்டி' ஒன்று. விடுப்பு என்று பொருள். நம் ஊரில் சுட்டி என்றால் குறும்புக்காரப் பிள்ளை. டெல்லியில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண் 'சுட்டி வேணும்' என்று கேட்டாலும் சில வீடுகளில் அதைக் குறும்பாகத்தான் பார்க்கிறார்கள்.

தலைநகரில் தங்கி வேலை செய்யும் பெண்களில் கணிசமானவர்கள் ஆதிவாசிகள். ஜார்கண்டின் கும்லா, சிம்டேகா, குந்தி, ஒடிசாவின் சுந்தர்கட், சத்தீஸ்கரின் ஜஷ்பூர் பகுதிகளிலிருந்து வரும் ஒராவோன், முண்டா, கரியா சமூகத்தினர். ஏஜென்சிகள் மூலம் வருபவர்கள் நிறைய. அவற்றில் ஏமாற்றி அழைத்துவருபவையும் உண்டு. ஆள்கடத்தல் வழக்குகள் அதனால்தான் இந்த மாவட்டங்களில் அடிக்கடி பதிவாகின்றன.

தங்கி வேலை செய்பவருக்கு வேலை எப்போது முடிகிறது என்ற கேள்விக்கே விடை கிடையாது. இரவு 11 மணிக்கு விருந்தாளி வந்தால் டீ போட வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ளத் தனி அறை இல்லாத வீடுகள் உண்டு. இந்தச் சூழலில் இவர்களில் கிறிஸ்தவர்களாக இருப்பவர்களுக்கு ஒரு சிறிய வாசல் திறந்தது: ஞாயிறு திருப்பலி. 'எனக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும்' என்று கேட்டால் முகம் சுளிக்கும் வீடுகூட, 'சர்ச்சுக்குப் போகணும்' என்றால் இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிடும். ஓய்வு உரிமையாகக் கிடைக்காத இடத்தில் பக்தியாகக் கிடைக்கிறது.

அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் பிரார்த்தனை ஒரு பங்குதான். பூசை முடிந்தும் கூட்டம் கலையாது. வளாகத்தில் சின்னச் சின்ன வட்டமாக நிற்பார்கள். வாரம் முழுக்க இந்தியில் 'ஜீ தீதி' சொன்ன வாயில் சாத்ரியும் குருக்கும் முண்டாரியும் வரும். யார் வீட்டில் சம்பளம் பாக்கி, எந்த ஏஜென்சி பணத்தைப் பிடித்துக்கொண்டது, யாருக்குக் கல்யாணம், யார் கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போகிறார்கள், ரயில் டிக்கெட் கிடைத்ததா என்ற செய்தியெல்லாம் அங்கேதான் கை மாறும். வேறு வேலை தேடுபவருக்கு வேலையும், ஆபத்தில் இருப்பவருக்கு உதவியும் இந்த வட்டங்கள் வழியாகவே வருகின்றன. வீட்டுவேலைத் தொழிலாளர்களைத் திரட்டிய அமைப்புகளில் பலவும், 1985-இல் ஜீன் டெவோஸ் என்ற பெல்ஜியக் கன்னியாஸ்திரி தொடங்கிய தேசிய வீட்டுவேலைத் தொழிலாளர் இயக்கம் உட்பட, இப்படிப்பட்ட சந்திப்புகளைப் பிடித்துத்தான் வளர்ந்தன. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் தொழிலாளியைச் சங்கத்தில் சேர்க்க, முதலில் அவர் வெளியே வரும் நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே.

சர்னா வழிபாட்டைப் பின்பற்றும் ஆதிவாசிப் பெண்களுக்கு இந்த ஞாயிறு வாசல்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள். அவர்களின் கரம் திருவிழா பாத்ரபத மாத ஏகாதசியில் வரும். கரம் மரக் கிளையை நட்டு, இரவெல்லாம் மாந்தர் கொட்டி, கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். டெல்லியிலும் ஆதிவாசி அமைப்புகள் இதைக் கொண்டாடுகின்றன. ஆனால் அது இரவுத் திருவிழா. தங்கி வேலை செய்பவருக்கு இரவில் வெளியே போக அனுமதி வாங்குவது, ஞாயிறு காலையில் வாங்குவதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

கொல்கத்தா: ரயில் பெட்டிதான் வரவேற்பறை

கொல்கத்தாவில் காட்சி வேறு. இங்கே பெரும்பாலோர் தங்குவதில்லை. தெற்கு 24 பர்கானாஸ் மாவட்டத்தின் கிராமங்களிலிருந்து தினமும் வந்து போகிறார்கள். சியால்தா தெற்குப் பிரிவில் கானிங், லட்சுமிகாந்தபூர் பக்கத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் லோக்கல் ரயில்கள் யாதவ்பூர், டாக்குரியா, பாலிகஞ்ச் நிலையங்களில் அலை அலையாகப் பெண்களை இறக்கிவிடும். அந்த ரயில்களுக்கு நகரத்துக்காரர்கள் வைத்த பெயர் 'ஜி ஸ்பெஷல்'. வங்காளத்தில் 'ஜி' என்றால் வேலைக்காரி. மரியாதையான சொல் இல்லை.

இந்தப் பெண்களில் பலருடைய ஊர் சுந்தரவனத்தை ஒட்டியது. 2009 மே மாதம் வந்த ஐலா புயலில் கரைகள் உடைந்து வயல்களில் உப்புநீர் புகுந்தது. நெல் விளையாத ஆண்டுகளில் ஆண்கள் கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலைக்குப் போனார்கள், பெண்கள் இந்த ரயிலில் ஏறினார்கள். உங்கள் ஊர்க் கட்டடத்தில் செங்கல் சுமக்கும் வங்காளத் தொழிலாளியின் மனைவியோ அக்காவோ டாக்குரியாவில் யார் வீட்டிலோ தரை துடைத்துக்கொண்டிருக்கலாம்.

நெரிசலான அந்தப் பெட்டியில் போகவர இரண்டு மூன்று மணி நேரம் போகும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது துன்பம் மட்டும்தான். உள்ளே அது வேறொன்றாகவும் இருக்கிறது. தினமும் அதே ரயில், அதே பெட்டி, அதே மூலை. ஒருவர் முன்னதாக ஏறி மற்றவருக்கு இடம் பிடித்து வைப்பார். பொரி பொட்டலம் கைமாறும். தலை பின்னிவிடுவது, புடவைக்காரரிடம் தவணையில் வாங்குவது, மாமியார் கதை, மகளின் பத்தாம் வகுப்பு, எந்தத் தெருவில் எவ்வளவு சம்பளம் என்று எல்லாம் அங்கேதான். முதலாளி வீட்டிலும் தன் வீட்டிலும் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ரயிலில் மட்டும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நாள் முழுக்க அவர் உட்கார்ந்திருக்கும் ஒரே இடமாகவும் அது இருக்கலாம்.

இப்போது மறுபடி நேரப் பயன்பாட்டு ஆய்வுக்கு வாருங்கள். வேலைக்கான பயணம் அதில் வேலை சார்ந்த நேரத்தின் கீழ் வரும். அந்த அரைமணியின் முதன்மைச் செயல் 'பயணம்'. சிரிப்பு, கதை, பொரி எல்லாம் பயணத்தின் அடியில் மறைந்துவிடும். இந்தியாவின் உழைக்கும் பெண்களின் சமூக வாழ்க்கையில் ஒரு பெரிய பகுதி இப்படிப் பயணம் என்ற கட்டத்துக்குள்தான் கிடக்கிறது என்பது என் ஊகம்.

2020 மார்ச் முதல் நவம்பர் வரை கொரோனாவால் லோக்கல் ரயில்கள் நின்றபோது இவர்கள் இழந்தது சம்பளம் மட்டும் இல்லை. அடுத்த ஆண்டும் ரயில்கள் நிறுத்தப்பட, 2021 ஜூனில் சோனார்பூர் போன்ற நிலையங்களில் பயணிகள் தண்டவாளத்தில் இறங்கி மறியல் செய்தார்கள். அவர்களில் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களும் இருந்தார்கள்.

இவர்களைத் திரட்டிய பஸ்சிம் வங்க கிருஹ பரிசாரிகா சமிதி 2018-இல் தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. அவர்களின் கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் நகரம் இவர்களை எப்படி வைத்திருக்கிறது என்று புரியும். மணிக்கு 54 ரூபாய் குறைந்தபட்சக் கூலி, மாதம் நான்கு நாள் விடுப்பு. அப்புறம் கழிப்பறை. தான் தேய்த்துக் கழுவும் கழிப்பறையைத் தான் பயன்படுத்த முடியாத வீடுகளிலிருந்து வந்த கோரிக்கை அது.

மும்பையிலும் புறநகர் ரயிலின் பெண்கள் பெட்டிக்கு இதே மாதிரி ஒரு வாழ்க்கை உண்டு, பஜனைக் கோஷ்டி உட்பட. அங்கே 'பிஷி' என்று ஒன்று இருக்கிறது, நம் ஊர்ச் சீட்டுதான். மாதா மாதம் சீட்டு எடுக்கக் கூடுவது பணத்துக்காக. ஆனால் சந்திக்க ஒரு சாக்காகவும் அது இருக்கிறது.

பூங்கா பெஞ்சில் உட்காரலாமா?

பகுதிநேரமாக நான்கைந்து வீடுகளில் வேலை செய்பவருக்கு நடுவில் அரைமணி, முக்கால் மணி சும்மா கிடைக்கும். முதல் வீடு 10 மணிக்கு முடியும், அடுத்த வீட்டில் 'மேடம்' மீட்டிங்கில் இருப்பதால் 10:45-க்குத்தான் வரச் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்குப் போய்வரும் தூரம் இல்லை. அந்த 45 நிமிடம் அவர் எங்கே இருப்பார்?

2023-இல் பெங்களூருவில் ஒரு குடியிருப்பின் அறிவிப்பு சமூக ஊடகங்களில் பரவியது நினைவிருக்கலாம். வீட்டுவேலை செய்பவர்கள் பூங்கா போன்ற பொது இடங்களில் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது, குடியிருப்பவர்களுக்கு அது சங்கடமாக இருக்கிறது என்பது அதன் சாரம். வரவேற்பறை சோஃபாவில் சமையல்காரரும் பிளம்பரும் உட்கார்வதால் தாங்கள் உட்கார முடிவதில்லை என்ற குறையும் அதில் இருந்தது. கோபம் வந்தது, மீம் வந்தது, பிறகு மறந்துபோனது. ஆனால் தனி லிஃப்ட் என்ற ஏற்பாட்டைப் பல நகரங்களில் இன்றும் பார்க்கலாம். உங்கள் டவரிலேயே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்க.

பெண்கள் காரணமே இல்லாமல் பொதுவெளியில் சும்மா நிற்கும் உரிமையைப் பற்றி 'ஒய் லாய்டர்?' என்ற மும்பை ஆய்வு நூல் 2011-இல் பேசியது. மேல்தட்டுப் பெண்ணுக்கே வெளியில் நிற்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு இரண்டு தடை: பெண் என்பது ஒன்று, 'இங்கே இவளுக்கு என்ன வேலை' என்பது இன்னொன்று. அதனால்தான் இவர்களின் அரட்டை பெரும்பாலும் மாடிப்படியிலும், பால் பூத் வாசலிலும், குழந்தைக்குக் காவலாக நிற்கும் ஊஞ்சல் பக்கத்திலும் நடக்கிறது. கையில் ஒரு பையோ அடுத்தவர் குழந்தையோ இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மதராஸி கேம்ப்: ஒரு பேட்டை போனால் என்ன போகும்?

டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரமாக இருந்த தமிழர் குடியிருப்பு, மதராஸி கேம்ப். அங்கிருந்த பெண்களில் பலர் சுற்றுவட்டாரக் காலனிகளில் வீட்டுவேலை செய்தவர்கள். வாய்க்காலைச் சீரமைக்க வேண்டும் என்ற வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2025 ஜூன் 1 அன்று குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்கள்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை என்று முடிவானது. மாற்று வீடு இருந்த இடம், நகரின் வடமேற்கு ஓரத்தில் உள்ள நரேலா. ஜங்புராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

வீடு போனது, செய்தியானது. அதோடு போன நேரத்தை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பு நடந்தே வேலைக்குப் போனவர் இப்போது நரேலாவிலிருந்து பழைய வீடுகளுக்கு வர ஒரு வழிக்கு 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவர 4 மணி. வாரத்துக்கு 6 நாள் வேலை என்றால் 24 மணி நேரம். முழுதாக ஒரு நாள். வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்தாலும் அதைப் பேருந்து எடுத்துக்கொண்டுவிடும்.

அந்த நேரத்தில்தான் வாசலில் உட்கார்ந்து தமிழில் பேசியிருப்பார்கள். ஆடியில் கூழ் ஊற்றியிருப்பார்கள். குழந்தைகள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியிலிருந்து வருவதைப் பார்த்திருப்பார்கள். நரேலாவில் தமிழ் படிக்கப் பள்ளி இல்லையே என்பது இடிப்பின்போது பெற்றோர் திரும்பத் திரும்பச் சொன்ன கவலை. கேம்ப்பில் இருந்தவரை வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டுப் போகலாம். அந்த அத்தைக்குத் தகுதி கிடைக்காமல் வேறெங்கோ போயிருந்தால், அந்த உதவிக்கு எந்தப் புனர்வாழ்வுத் திட்டத்திலும் ஈடு கிடையாது.

கூடிப் பேசுவதே ஆபத்தாகும் நேரமும் வருகிறது. 2025 ஜூலையில் குருகிராமில் ஆவணச் சரிபார்ப்பு என்ற பெயரில் வங்காள மொழி பேசும் தொழிலாளர்களைப் போலீஸ் பிடித்துத் தற்காலிக மையங்களில் வைத்தது. சரிபார்த்தபின் பலர் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் அதற்குள் குடிசைப் பகுதிகள் காலியாகி, பல குடும்பங்கள் மேற்கு வங்கத்துக்கும் அசாமுக்கும் ரயிலேறிவிட்டன. வீடுகளில் பாத்திரம் சேர்ந்தபோதுதான் நகரம் கவனித்தது. தெருவில் தாய்மொழியில் சத்தமாகப் பேசினால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களோ என்ற பயம் வந்தபிறகு, எந்தச் சமூக வாழ்க்கையும் போன் திரைக்குள் சுருங்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அதிகம் சொல்லவில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை 2011 ஜூன் 16 அன்று நிறைவேறியது. வீட்டுவேலைத் தொழிலாளருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது அது. அந்த ஓய்வு நேரத்தில் அவர் முதலாளி வீட்டிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றும் தனியாகச் சொல்கிறது. இந்த இரண்டாவது வரி ஏன் தேவைப்பட்டது என்பது டெல்லிக் கதையைப் படித்த உங்களுக்குப் புரியும். இந்தியா ஆதரவாக வாக்களித்தது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

உள்நாட்டில், தொழிற்சாலை, கடை, உணவகம் என எல்லாவற்றுக்கும் வார விடுமுறைச் சட்டம் உண்டு. வீடு ஒரு 'நிறுவனம்' இல்லை என்பதால் அவை இங்கே பாய்வதில்லை. பணியிடப் பாதுகாப்பு, பணிநிலைமைகளுக்கான 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் பொதுவாகப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடங்களுக்குத்தான். தமிழ்நாடு, கர்நாடகா உள்ளிட்ட சில மாநிலங்கள் வீட்டுவேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவித்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2007 முதல் நலவாரியமும் இருக்கிறது. ஆனால் அறிவிப்பு வீட்டுக்கதவைத் தாண்டி உள்ளே போவது அபூர்வம். 1959 முதல் நாடாளுமன்றத்தில் இவர்களுக்கான மசோதாக்கள் வந்திருக்கின்றன, ஒன்றும் சட்டமாகவில்லை. 2025 ஜனவரி 29 அன்று அஜய் மாலிக் வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கென ஒரு சட்ட ஏற்பாட்டைப் பரிசீலிக்கக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சிங்கப்பூரில் வேலைக்குப் போன நம் ஊர்ப் பெண்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே 2013 முதல் வாரம் ஒரு நாள் ஓய்வு விதியாக வந்தது. ஆனால் ஓய்வுக்குப் பதில் காசு கொடுத்துவிடலாம் என்ற ஓட்டை இருந்தது. அதனால் 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, கட்டாயம் விட்டே ஆக வேண்டும் என்று திருத்தினார்கள். மாதத்தில் ஒரு நாள் என்பதே பெரிய சீர்திருத்தமாக வந்தது என்றால், ஓய்வை விட்டுக்கொடுக்கும்படி அந்தப் பெண்கள் மேல் எவ்வளவு நெருக்கடி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவில் விடுப்புக்காகப் போராட்டமே நடந்திருக்கிறது. 1980-இல் புனேயில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். உடம்பு சரியில்லாமல் சில நாள் வராத ஒருவரை நீக்கிவிட்டு வேறு ஆளை வைத்ததுதான் தொடக்கப்பொறி என்று பதிவாகியிருக்கிறது. ஒரு தெருவில் தொடங்கியது பக்கத்துத் தெருக்களுக்குப் பரவி, கடைசியில் சங்கமானது. ஒருவருக்கொருவர் முன்பே தெரிந்திராவிட்டால் அது ஒரு தெருவோடு முடிந்திருக்கும்.

அப்போ, நீங்கள் எதைப் பேசி முடிவு செய்யலாம்?

சட்டம் வரும்வரை இது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான ஒப்பந்தம்தான். பெரும்பாலான வீடுகளில் 'மாதம் இரண்டு நாள் லீவு' என்று ஏதோ ஒரு புரிதல் இருக்கும். அந்த நாளை யார் தீர்மானிப்பது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஊருக்குப் போகும் நாளை அவருடைய விடுமுறையாகக் கணக்கில் எழுதினால், அது உங்கள் விடுமுறை. அவருடைய தங்கையும் தோழியும் வேறு வீடுகளில் வேலை செய்கிறார்கள். மூவருக்கும் ஒரே நாள் விடுமுறை கிடைத்தால்தான் சந்திக்க முடியும். நிலையான ஒரு நாள், முன்கூட்டியே தெரிந்த நாள், சம்பளம் பிடிக்காத நாள் என்று அது இருக்க வேண்டும். முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் மாறக் கூடாது.

பண்டிகையும் அப்படித்தான். நீங்கள் தீபாவளிக்கு போனஸ் கொடுக்கலாம். அவர் வங்காளி என்றால் துர்கா பூஜையும், முஸ்லிம் என்றால் ஈத்தும், ஜார்கண்டுக்காரர் என்றால் கரமோ கிறிஸ்துமசோ அவருடைய பண்டிகை. ஊருக்குப் போய்வர ரயிலிலேயே இரண்டு மூன்று நாள் போய்விடும் என்பதால் 'நாலு நாளில் வந்துடு' என்றால் அவர் ஊரில் தங்குவது ஒரே இரவு. டிக்கெட் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதற்கு முன் விடுப்பு உறுதியானால்தான் படுக்கை வசதியில் போவார், இல்லையென்றால் பொதுப் பெட்டியில் நின்றுகொண்டு.

தங்கி வேலை செய்பவராக இருந்தால், இரவில் எத்தனை மணிக்குப் பிறகு கூப்பிட மாட்டீர்கள் என்பதையும், அவர் போன் அவரிடமே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். அப்புறம் உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், கேட்டுக்கு உள்ளே நிழலில் நான்கு பெஞ்சும், பூட்டு இல்லாத ஒரு கழிப்பறையும், குடிக்கத் தண்ணீரும் வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவர முடியுமா பாருங்கள். யார் எதிர்க்கிறார்கள் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.